சிஸ்டம் ரீஸ்டோர் பாதியில் நின்றுவிட்டது, இப்போது விண்டோஸே திறக்கவில்லை (விண்டோஸ் 7)

மாடிவீடு:

அப்பாவுடைய சிஸ்டம். 2012-ல் வாங்கியது, ஐ3 இரண்டாம் தலைமுறை, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. ஏன் இன்னும் 7 என்று கேட்காதீர்கள், அவருடைய ஸ்கேனருக்கு அதற்கு மேல் டிரைவர் கிடையாது. குலதெய்வக் கோவில் வரிக்கணக்கு, எங்கள் குடும்பத்தின் கிளைவழி எல்லாவற்றையும் பாமினி எழுத்துருவில் டைப் அடித்து வைத்திருக்கிறார், எட்டு வருட வேலை. வேறு எங்கும் காப்பி இல்லை.

போன வாரம் ஒருவர் வந்து பிரின்டர் டிரைவர் போட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஆன் செய்தால் டெஸ்க்டாப் வரவே பத்து நிமிடம். டிரைவர்தான் காரணம் என்று நினைத்து, அதற்கு முந்தைய ரீஸ்டோர் பாயின்ட்டுக்குப் (விண்டோஸ் சேமித்து வைத்திருக்கும் தன் பழைய நிலை) போகப் பார்த்தேன். முக்கால் மணி நேரம் ஓடிவிட்டு, முடியவில்லை, எதுவும் மாற்றப்படவில்லை என்று 80070005 என்ற எண்ணைக் காட்டியது. தேடிப் பார்த்ததில் ஆன்டிவைரஸ் தடுக்கும் என்று போட்டிருந்தார்கள், அதை எடுத்துவிட்டு சேஃப் மோடில் இரண்டாவது தடவை. இப்போது வேறு எண், 80070570. சரி, இன்னும் பழைய பாயின்ட் ஒன்றைப் பிடிப்போம் என்று மூன்றாவது தடவை ஓட்டினால், ரிஜிஸ்ட்ரியை (விண்டோஸின் அமைப்புகள் எல்லாம் பதிந்திருக்கும் இடம்) மீட்கிறோம் என்று சொன்ன இடத்தில் நின்றது, நின்றதுதான். மூன்றரை மணி நேரம் காத்திருந்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டேன். தப்புதான், திட்ட வேண்டாம்.

இப்போது லோகோ வருகிறது, உடனே ஸ்டார்ட்அப் ரிப்பேர், அது தன்னால் சரிசெய்ய முடியவில்லை என்கிறது, மறுபடி முதலிலிருந்து. அந்த ரிப்பேர் பட்டியலில் உள்ள சிஸ்டம் ரீஸ்டோரைத் தொட்டால் ஒரே ஒரு பாயின்ட் மட்டும் மிச்சம் காட்டுகிறது. அதை ஓட்டட்டுமா? அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பேப்பர் படித்தபடியே "முடிஞ்சுதாம்மா" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

சும்மாவந்தேன்:

ஃபார்மட் அடித்து விண்டோஸ் 10 போடுங்கள். ஒரு மணி நேர வேலை.

தேனிக்காரன்:

எட்டு வருட வேலைக்குக் காப்பி இல்லை என்று எழுதியிருக்கிறார், ஃபார்மட் அடிக்கச் சொல்கிறீர்கள். கேள்வியை முழுசாகப் படித்துவிட்டுப் பதில் போடலாமே. அதோடு 10-க்கும் ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்தது, ஸ்கேனரும் போய்விடும், எதற்கு அந்தப் பாடு?

ஈயப்பற்று:

தம்பி, அந்தக் கடைசி பாயின்ட்டைத் தொடாதீர்கள். மெஷினை அணைத்து, வயரையும் பிடுங்கி வையுங்கள். அப்புறம் இதைப் படியுங்கள்.

நீங்கள் கொடுத்த இரண்டு எண்களும் ஒரே விஷயத்தைச் சொல்லவில்லை. 8007 என்று தொடங்கினால் விண்டோஸின் சாதாரணப் பிழை எண் ஒன்று பின்னால் ஒட்டியிருக்கிறது என்று பொருள். முதலாவதில் பின்னால் இருப்பது 5, அனுமதி மறுக்கப்பட்டது. இது பெரும்பாலும் ஆன்டிவைரஸ் தன் ஃபைல்களைத் தொட விடாமல் காத்துக்கொள்வதால் வருவது, நீங்கள் அதை எடுத்தது சரிதான். இரண்டாவதில் உள்ள 570 பதினாறடிமான எண், நம் கணக்கில் 1392, அதாவது ஃபைல் சிதைந்திருக்கிறது, படிக்க முடியவில்லை. ஆன்டிவைரஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டிஸ்க்கிலிருந்து எதையோ எடுக்கப் போய் வரவில்லை. ஆன்டிவைரஸ் தடை நீங்கியதால் ரீஸ்டோர் இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கிறது, போன இடத்தில் ஹார்ட் டிஸ்க்கில் முட்டியிருக்கிறது. டெஸ்க்டாப் வரப் பத்து நிமிடம் என்று எழுதியதைப் படித்தபோதே எனக்குச் சந்தேகம். கெட்ட செக்டர் (டிஸ்க்கின் ஒரு சிறு துண்டு) ஒன்றில் மாட்டினால் டிஸ்க் அதையே திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும், அதுவரை விண்டோஸ் வாயைப் பிளந்து நிற்கும். பிரின்டர் டிரைவர் போட்டவர் பாவம், அவர் வந்த அன்று நடந்தது என்பதைத் தவிர அவர்மேல் தப்பு இருக்காது.

ரீஸ்டோர் என்பது படிக்கிற வேலை மட்டும் இல்லை, டிஸ்க்கில் எழுதுகிற வேலையும்கூட. போய்க்கொண்டிருக்கும் டிஸ்க்கில் ஒவ்வொரு முயற்சியும் இருப்பதைக் கெடுக்கும். ரிப்பேர் பட்டியலிலிருந்து ஓட்டினால் இன்னொரு சங்கடமும் உண்டு, அங்கே செய்த ரீஸ்டோரைத் திரும்பப் பெற முடியாது.

முதலில் அப்பாவின் ஃபைல்கள். வேறு லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ (விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம்) இறக்கி, ரூஃபஸ் வைத்துப் பென்டிரைவில் போட்டு, இந்த மெஷினை அதிலிருந்து பூட் செய்யுங்கள். இன்ஸ்டால் கொடுத்துவிடாதீர்கள், லைவ் ஆகவே, அதாவது பென்டிரைவிலிருந்தே ஓடட்டும். விண்டோஸ் பார்ட்டிஷனைத் திறந்து, கோவில் கணக்கு எங்கே இருக்கிறதோ அந்த ஃபோல்டரை மட்டும் முதலில் வேறு பென்டிரைவுக்கு எடுங்கள். படம், வீடியோ எல்லாம் பிறகு. டிஸ்க்ஸ் என்று ஒரு கருவி அதிலேயே இருக்கும், அதில் ஸ்மார்ட் என்ற, டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் தகவலைத் திறந்து ரீஅலோகேட்டட் செக்டர், கரன்ட் பெண்டிங் செக்டர் இரண்டுக்கும் நேரே என்ன எண் இருக்கிறது என்று எழுதுங்கள்.

மாடிவீடு:

தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி.

மின்டில் ஏறிவிட்டேன். வரிக்கணக்கு ஃபோல்டர் முழுசாக வந்துவிட்டது, அப்பாடா. கிளைவழி ஃபோல்டரில் 41 ஃபைலில் 38 வந்தது, மூன்று ஃபைலில் நின்று நின்று பிழை கொடுத்தது. அந்த நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து டக்… டக் என்று சத்தம், பல்லி மாதிரி. ரீஅலோகேட்டட் 216, பெண்டிங் 48. இது மோசமா? விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவி செக்டிஸ்க்கை ஓட்டினால் கெட்ட செக்டர் சரியாகும் என்று ஆபீசில் சொன்னார்கள்.

ஈயப்பற்று:

மன்னிக்கவும் தங்கச்சி. மோசம்தான். 216 என்பது ஏற்கெனவே கெட்டுப்போய் டிஸ்க் தன் உபரி இடத்துக்கு மாற்றிக்கொண்ட செக்டர்கள், 48 என்பது படிக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருப்பவை. அந்த மூன்று ஃபைலும் இந்த 48-இல்தான் எங்கேயோ உட்கார்ந்திருக்கும்.

செக்டிஸ்க்கை இப்போது ஓட்டவே கூடாது. கெட்ட செக்டரைத் தேடும் அதன் நீள ஓட்டம் டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் படிக்க வைக்கும், சாகக் கிடப்பவரை மாடிப்படி ஏறச் சொல்வது மாதிரி. போதாதற்கு, சிதைந்ததாகப் படும் ஃபைல் பதிவுகளை அது சரிசெய்கிறேன் என்று வெட்டியும் விடும். அதெல்லாம் நகல் எடுத்த டிஸ்க்கில் செய்ய வேண்டிய வேலை.

புதிதாக ஒரு எஸ்எஸ்டி வாங்குங்கள், சாட்டா வகை. 480 ஜிபி விலை குறைவாக இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள், 500 ஜிபி டிஸ்க்கின் நகல் அதில் அடங்காது. 512 வாங்குங்கள். யுஎஸ்பி வழியாக மாட்டாமல் போர்டிலேயே இன்னொரு சாட்டா முனையில் மாட்டுங்கள், உங்கள் மெஷினில் யுஎஸ்பி 2 தான் இருக்கும், விடிந்துவிடும். மின்டில் ஜிடிடிரெஸ்க்யூ என்ற பொதியை நிறுவி டிடிரெஸ்க்யூவால் நகல் எடுக்க வேண்டும். இது சாதாரணக் காப்பி மாதிரி கெட்ட இடத்தில் மல்லுக்கட்டாது. நல்ல பகுதியை எல்லாம் முதலில் அள்ளிக்கொண்டு, கெட்டதைக் கடைசியில் சுரண்டும். எதுவரை எடுத்தோம் என்று ஒரு மேப் ஃபைல் எழுதும், அதைப் பென்டிரைவில் வையுங்கள். லைவ் மின்டில் வைத்தால் கரன்ட் போனதும் அதுவும் போய்விடும்.

எது பழைய டிஸ்க், எது புதிது என்பதைக் கொள்ளளவையும் மாடல் எண்ணையும் வைத்து மூன்று தடவை பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் காலியான எஸ்எஸ்டியைப் பழைய டிஸ்க்மேல் எழுதிவிடும், அப்புறம் நான் மட்டுமல்ல, யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நகல் முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் விண்டோஸை ஆன் செய்ய வேண்டும். இரண்டுக்கும் ஒரே டிஸ்க் அடையாளம் இருப்பதால் குழம்பும்.

மாடிவீடு:

எஸ்எஸ்டி வர ஐந்து நாளாகிவிட்டது, அதுவரை நீங்கள் சொன்ன மாதிரி வயரைப் பிடுங்கியே வைத்திருந்தேன். நேற்று மதியம் தொடங்கி ராத்திரி ஒன்பதரைக்கு முடிந்தது, 500 ஜிபியில் கடைசியில் 19 கேபி மட்டும் வரவில்லை என்றது. சந்தோஷமாகப் பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி ஆன் செய்தால் ஸ்டார்ட்அப் ரிப்பேர்கூட வரவில்லை. லோகோ வந்த நொடியில் நீலத்திரை, எண்ணின் கடைசியில் 7பி. நகல் சரியாக எடுக்கவில்லையா?

தேனிக்காரன்:

இடையில் நுழைவதற்கு ஈயப்பற்று மன்னிக்கணும். பயாஸுக்குள் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே திறக்கக்கூடிய அமைப்புப் பக்கம்) போய்த் தேதி என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

மாடிவீடு:

2011 ஜனவரி 1! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

தேனிக்காரன்:

என் சித்தப்பா வீட்டில் இதே கூத்து. போர்டில் சில்லறைக் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. வயர் மாட்டியிருக்கும்வரை அதற்கு வேலை குறைவு, ஐந்து நாள் பிடுங்கி வைத்ததில் மிச்சமிருந்த உயிரும் போயிருக்கும். தேதியோடு சேர்ந்து பயாஸ் அமைப்பு எல்லாம் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிட்டது. சில போர்டுகளில் அந்த நிலையில் சாட்டா மோட், அதாவது டிஸ்க்கோடு பேசும் முறை, ஐடிஇ என்ற பழைய வகையில் இருக்கும், உங்கள் விண்டோஸை ஏஎச்சிஐ என்ற புதிய வகையில் போட்டிருப்பார்கள். தன் டிஸ்க்கையே அடையாளம் தெரியாமல் விண்டோஸ் 7பி போடும். பேட்டரியை மாற்றி, சாட்டா மோடை ஏஎச்சிஐ ஆக்கி, சேமித்து வெளியே வாருங்கள். நகல்மேல் தப்பு இருக்காது.

மாடிவீடு:

நீலத்திரை போய்விட்டது! பழைய ஸ்டார்ட்அப் ரிப்பேர் திரும்பி வந்துவிட்டது, அதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை. பேட்டரி நாற்பது ரூபாய்.

ஈயப்பற்று:

தேனிக்காரர் போட்ட போடு. எனக்குத் தோன்றவே இல்லை, வயரைப் பிடுங்கச் சொன்னதும் நான்தான்.

இனி எஸ்எஸ்டியில் தைரியமாக வேலை பார்க்கலாம். ரிப்பேர் பட்டியலில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, முதலில் செக்டிஸ்க்கை /f சேர்த்து ஓட்டுங்கள். கவனம், அங்கே உங்கள் சி டிரைவ் டி என்று காட்டலாம், விண்டோஸ் 7 ஒதுக்கி வைக்கும் 100 எம்பி பார்ட்டிஷன் சி என்ற எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அப்புறம் ரிஜிஸ்ட்ரி. நீங்கள் அணைத்தபோது அது பாதி மாறி நின்றிருக்கும். சிஸ்டம்32-க்குள் கான்ஃபிக், அதற்குள் ரெக்பேக் என்று ஒரு ஃபோல்டர். விண்டோஸ் 7 பத்து நாளுக்கு ஒரு தடவை போல ரிஜிஸ்ட்ரியை அங்கே நகல் எடுத்து வைக்கும் (பின்னாளில் 10-ல் இதை நிறுத்திவிட்டார்கள், எனக்கு இன்னும் கோபம்). ஐந்து ஃபைல் இருக்கும்: டிஃபால்ட், சாம், செக்யூரிட்டி, சாஃப்ட்வேர், சிஸ்டம். அளவு பூஜ்யமாக இல்லாமல், தேதி ரீஸ்டோருக்கு முந்தையதாக இருந்தால், கான்ஃபிக்கில் உள்ள அதே பெயர் ஐந்தையும் பெயர் மாற்றி ஓரமாக வைத்துவிட்டு இவற்றை அங்கே காப்பி செய்யுங்கள். ஐந்தையும் சேர்த்து மாற்றணும், ஒன்றிரண்டை மட்டும் மாற்றினால் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

மாடிவீடு:

வந்துவிட்டது. டெஸ்க்டாப் வர முப்பது விநாடிகூட ஆகவில்லை, அப்பா என்னவோ நான் புது கம்ப்யூட்டர் வாங்கி ஏமாற்றுகிறேன் என்று பார்த்தார். ஸ்கேனர் ஓடுகிறது. பிரின்டர் டிரைவர் மட்டும் பழைய ரிஜிஸ்ட்ரியோடு காணாமல் போய்விட்டது, திரும்பப் போட்டேன், ஒரு தொந்தரவும் இல்லை. கிளைவழியில் அந்த மூன்று ஃபைலில் இரண்டு திறக்கின்றன. மூன்றாவது, பாட்டி வழி, திறந்தால் நடுவில் அரைப்பக்கம் கட்டம் கட்டமாக இருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். அத்தைக்கு போன் போட்டு, அந்த அரைப்பக்கத்துப் பெயர்களை மறுபடி கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார், ஒன்றரை மணி நேரமாகப் பேச்சு முடியவில்லை.

இன்னொரு கேள்வி, இதை எல்லாம் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிடலாமா?

தேனிக்காரன்:

மாற்றுங்கள், ஆனால் மூலத்தை அழிக்காமல் நகலில். பாமினி என்பது ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்த எழுத்துரு, அதனால் இடையில் அப்பா ஆங்கிலத்தில் அடித்த இனிஷியல், ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் தமிழ் என்று நினைத்து அந்த மாற்று மென்பொருள் உளறிவைக்கும். முதலில் ஒரு பக்கம் மாற்றி அப்பாவிடம் கொடுங்கள், அவர் கண்ணுக்குத்தான் தெரியும்.