‘பூஞ்சைத் தடயச் சோதனை’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இரத்தத்தில் பூஞ்சைத் தொற்றின் அடையாளத்தைத் தேடும் புதிய சோதனைகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘பூஞ்சைப் பிறபொருளெதிரியாக்கி விரைவறி சோதனை’ பொருளில் பிழையற்றதுதான். ஆனால் ஆய்வகத்தில் வேலைக்கு நடுவே யாரும் அதை ஒரே மூச்சில் சொல்ல மாட்டார்கள்; ‘ஆன்டிஜென் டெஸ்ட்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ‘இரத்தப் பூஞ்சைச் சோதனை’ சின்னது, சரி. ஆனால் இரத்தத்தில் உள்ள பூஞ்சையையே பிடித்து வளர்த்துப் பார்ப்பது பழைய வளர்ப்புச் சோதனை அல்லவா? அதற்கு நாள்கணக்கில் ஆகும். உடலுக்குள் பரவிய கேண்டிடா என்ற பூஞ்சையின் தொற்றில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது எதையும் காட்டுவதுமில்லை.

புதிய சோதனைகள் தேடுவது பூஞ்சையை அல்ல, அது உதிர்த்ததை. பூஞ்சையின் செல்சுவரிலிருந்து கழன்ற பீட்டா-டி-குளூக்கன் என்ற சர்க்கரைப் பொருள், ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை விடும் கேலக்டோமன்னன் என்ற இன்னொரு சர்க்கரைப் பொருள், கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையின் மேலுறைச் சர்க்கரை. கடைசியாகச் சொன்னதற்கு ஒரு சோதனைப் பட்டை (ஸ்ட்ரிப்) போதும். நீர்க்கவைத்த சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில்) நிறுத்தினால் திரவம் ஊறி மேலேறும். 10 நிமிடத்தில் இரண்டு கோடு விழுந்தால் சர்க்கரை இருக்கிறது. மேல்கோடு மட்டும் என்றால் இல்லை.

அதனால் என் பரிந்துரை: பூஞ்சைத் தடயச் சோதனை.

‘தடயம் என்றால் ஆள் போய்விட்டான் என்றாகிவிடாதா?’ என்று கேட்பீர்கள். அதுவும் பொருந்தத்தான் செய்கிறது. மருந்து வேலை செய்த பிறகும் கிரிப்டோகாக்கஸின் சர்க்கரை மாதக்கணக்கில் இரத்தத்தில் கிடக்கும். குணமாகிவிட்டதா என்று பார்க்க இந்தப் பட்டை உதவாது. வேறு எதுவோ விட்ட தடயமும் சிக்கும்: அறுவை சிகிச்சையில் வைத்த பஞ்சுத்துணியிலிருந்து வரும் குளூக்கன்கூடச் சோதனையை ஏமாற்றும். மியூக்கர் வகைப் பூஞ்சைகளோ கைரேகை வைக்காத திருடர்கள். குளூக்கன் சோதனையில் அவை அகப்படுவதில்லை.

உடல் தரும் பதிலைப் பார்க்கும் சோதனைகளை இதில் சேர்க்க வேண்டாம். அவை பிறபொருளெதிரி (ஆன்டிபாடி) சோதனைகளாகவே இருக்கட்டும். பூஞ்சையின் டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் சேரும், டிஎன்ஏவும் தடயம்தானே. ‘விரைவு’ என்ற முன்னொட்டையும் விட்டுவிடலாம். 10 நிமிடப் பட்டைக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் ஓடும் பிசிஆரை வைத்தால் எது விரைவு?

அப்புறம் அந்தப் பட்டை. அதற்கு ‘பக்கவாட்டுப் பாய்வுச் சோதனை’ (லேட்டரல் ஃப்ளோ டெஸ்ட்) என்ற பெயரை முந்தைய மடலில் கண்டேன். கண்ணெதிரே மேலே ஏறுவதைப் பக்கவாட்டு என்பானேன்? ஊறுபட்டை என்கிறேன் நான். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.