தமிழ்ப் பெயருள்ள கோப்புறைப் பாதையைக் கோப்பு யூஆர்எல்லாக மாற்றும் முறையான வழி எது?

கேட்டவர்: கோத்தகிரி நிரலர்

வணக்கம். கோத்தகிரிப் பகுதியில் சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கும் ஒரு தொழிற்சாலைக்காக, எடைச் சீட்டுகளின் ஸ்கேன் படங்களைப் பட்டியலிடும் ஹெச்டிஎம்எல் பக்கம் ஒன்றைப் பைத்தான் நிரலால் உருவாக்கி வருகிறேன். மழைக்காலத்தில் இங்கே இணையத்தை நம்ப முடியாது என்பதால், சர்வர் இல்லாமல் அலுவலகக் கணினியின் உலாவியிலேயே பக்கம் திறக்க வேண்டும். படங்கள் டி:\சீட்டுகள்\அரவேணு\பகுதி #3 என்பது போன்ற கோப்புறைகளில் ஊர்வாரியாக உள்ளன.

பாதையின் முன்னால் ‘ஃபைல்://’ சேர்த்து, பின்சாய்கோடுகளைச் சாய்கோடுகளாக மாற்றுகிறேன். பெரும்பாலான படங்கள் திறக்கின்றன. # உள்ள கோப்புறைகளில் இருப்பவை மட்டும் திறப்பதில்லை. # குறியை %23 என்று மாற்றினால் போதுமா? யூஆர்எல்லிலிருந்து பாதையைத் திரும்பப் பெறவும் வேண்டியிருக்கிறது.

பதில்: குன்னூர்வாசி

போதாது. யூஆர்எல்லில் # வந்தால் அதற்குப் பின்னுள்ளது பக்கத்தின் உட்பகுதியைச் சுட்டுவதாகவும், ? வந்தால் அதற்குப் பின்னுள்ளது வினவலாகவும் கொள்ளப்படும். % என்பதோ, ஓர் எழுத்துக்குப் பதிலாக வரும் %23 போன்ற மறைகுறியின் தொடக்கம். விண்டோஸ் கோப்புப் பெயரில் ? இடம்பெற முடியாது, ஆனால் # குறிக்கும் % குறிக்கும் தடையில்லை. நாளை ஒருவர் ‘கழிவு 20%’ என்று கோப்புறை திறந்தால் மீண்டும் இங்கேதான் வந்து நிற்பீர்கள்.

பைத்தானில் பாதைகளைக் கையாளும் பாத்லிப் நூலகத்தில், பாதையை யூஆர்எல்லாக்கும் ‘அஸ்_யூஆர்ஐ’ இவை அனைத்தையும் கவனித்துக்கொள்ளும். முழுப் பாதையாக இல்லாவிட்டால் அது பிழை எழுப்பும் என்பதால், முதலில் ‘ரிசால்வ்’ கொண்டு முழுப் பாதையாக்கிக்கொள்ளுங்கள். விடை ‘ஃபைல்:///டி:/’ என்று மூன்று சாய்கோடுகளுடன் தொடங்கும்: இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே கணினியின் பெயர் வரவேண்டும், அது வெற்றாக இருந்தால் இதே கணினி என்று பொருள். உங்களுடைய இரண்டு சாய்கோட்டு வடிவத்தை உலாவிகள் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்கின்றன. யூஆர்எல்லைப் பகுதிகளாகப் பிரிக்கும் பைத்தானின் ‘யூஆர்எல்ஸ்பிளிட்’ அப்படியல்ல, ‘டி:’ என்பதைக் கணினிப் பெயராக எடுத்துக்கொள்ளும். 2017இல் வெளியான இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 8089 இந்த வடிவத்தை விளக்குகிறது.

பதில்: லவ்டேல் பயனர்

திரும்பும் வழியில்தான் பலர் இடறுகிறார்கள் என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். பைத்தான் 3.13 முதல் பாத்லிப்பிலேயே, யூஆர்எல்லைப் பாதையாக்கும் ‘ஃப்ரம்_யூஆர்ஐ’ உண்டு. பழைய பதிப்பாயின், ‘யூஆர்எல்ஸ்பிளிட்’ மூலம் பாதைப் பகுதியை மட்டும் எடுத்து ‘யூஆர்எல்2பாத்நேம்’ செயற்கூறுக்குக் கொடுங்கள். அது மறைகுறிகளை அவிழ்ப்பதோடு, விண்டோஸில் ‘டி:’க்கு முன்னுள்ள சாய்கோட்டையும் நீக்கும். நெட்வொர்க் பகிர்விலுள்ள கோப்பாயின் கணினிப் பெயரைத் தனியே சேர்க்க வேண்டும், ஏனெனில் அது பாதைப் பகுதியில் இருக்காது.

அதற்கு முன், மறைகுறிகளை அவிழ்க்கும் ‘அன்கோட்’ செயற்கூறை அழைத்துவிடாதீர்கள். பெயரிலேயே %20 என்ற எழுத்துகள் உள்ள கோப்பு யூஆர்எல்லில் %2520 ஆகும். இருமுறை அவிழ்த்தால் அது இடைவெளியாகி, இல்லாத கோப்பைத் தேடும். ‘அன்கோட்_பிளஸ்’ இங்கே தவறான கருவி: + குறியை இடைவெளியாக்குவது இணையப் படிவங்களின் வழக்கம், பாதையில் + என்பது + மட்டுமே.

கேட்டவர்: கோத்தகிரி நிரலர்

இருவருக்கும் நன்றி. # உள்ள கோப்புறைகள் இப்போது திறக்கின்றன. ஒரு சிக்கல் எஞ்சியுள்ளது. பழைய மேக் கணினியிலிருந்து படியெடுத்த கோப்புறைகளில் அரவேணுவும் கட்டபெட்டுவும் என் பட்டியலோடு பொருந்துகின்றன. கோத்தகிரியும் சோலூரும் பொருந்தவில்லை. திரையில் எந்த வேறுபாடும் தெரியவில்லை, யூஆர்எல்லின் நீளம் மட்டும் வேறுபடுகிறது.

பதில்: லவ்டேல் பயனர்

பொருந்தாத இரண்டு பெயர்களிலும் ஓகாரக் குறி இருப்பதைக் கவனியுங்கள். யூனிகோடில் அதை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ்+ கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட்டு, யூஆர்எல்லில் 9 எழுத்து. ஆகவே ஒருங்கிணைந்த ஓகாரக் குறி 9 எழுத்தாகவும், பிரிந்தது 18 எழுத்தாகவும் வரும். வே, பெ ஆகியவற்றின் குறிகள் பிரிவதில்லை என்பதால் அந்த ஊர்கள் தப்பின.

ஒப்பிடும்போது மட்டும் இருபுறமும் ‘யூனிகோட்டேட்டா’ தொகுதியின் ‘நார்மலைஸ்’ கொண்டு, குறிகளை ஒருங்கிணைத்து எழுதும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றுங்கள். கோப்பைத் திறப்பதற்கும் யூஆர்எல் ஆக்குவதற்கும், கோப்புறையை வாசிக்கும்போது இயங்குதளம் தந்த பெயரையே மாற்றாமல் பயன்படுத்த வேண்டும். விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸுக்கு, ஒருங்கிணைந்த வடிவமும் பிரிந்த வடிவமும் வெவ்வேறு பெயர்கள்.

பதில்: குன்னூர்வாசி

தரவுத்தளத்தில் யூஆர்எல்லைச் சேமிக்காமல் பாதையைச் சேமித்து, பக்கம் உருவாக்கும் நேரத்தில் மட்டும் ‘அஸ்_யூஆர்ஐ’ அழைத்தால், திரும்ப மாற்றும் தேவையே உங்களுக்குப் பெரும்பாலும் எழாது என்று நினைக்கிறேன்.