கலைச்சொல் உதவி: ‘ரிசெப்டர் டைரோசின் கைனேஸ்’

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். மார்பகப் புற்றுநோயாளிகளுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஹெர்2 மரபணுவைப் பற்றிய பக்கத்தில் நின்றுவிட்டேன். 17ஆம் குரோமோசோமில் உள்ள இம்மரபணு, மார்பகப் புற்றுகளில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காட்டில் பல படிகளாகப் பெருகியோ அளவுக்கு மீறிச் செயல்பட்டோ காணப்படுகிறது. அதன் புரதம் உயிரணுவின் சவ்வை ஊடுருவி நிற்கிறது. அதன் உள்முனை, உயிரணுவின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து டைரோசின் என்னும் அமினோ அமிலத்தில் சேர்க்க, அதுவே உயிரணுவைப் பெருகச் சொல்லும் கட்டளையாகிறது. இப்புரதத்தின் வகைப்பெயரான ‘ரிசெப்டர் டைரோசின் கைனேஸ்’ என்பதை ‘ஏற்பி டைரோசின் பாஸ்பேட்டேற்றி’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

இலக்கண ஆசிரியர்:
‘பாஸ்பேட்டேற்றி’ நல்ல ஆக்கம். பாஸ்பேட்டை அகற்றும் நொதியைப் ‘பாஸ்பேட்நீக்கி’ என்றால் இணையும் அமைந்துவிடும். ஆயினும் வேரைப் பார்க்க வேண்டும். கைனேஸ் என்பது இயங்குதலைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து வந்தது. சினிமாவும் அதே வேர்தான். எனவே ‘இயக்கி’ என்பதே நேர். டைரோசினை 1846இல் லீபிக் பாலாடைக்கட்டியின் புரதத்திலிருந்து பிரித்தெடுத்தார். பெயரும் பாலாடைக்கட்டிக்கான கிரேக்கச் சொல்லே. அதைப் ‘பாற்கட்டியம்’ எனலாம். செய்தியை முன்னறிவிக்கும் கட்டியம் என்ற நயமும் உடன் கிடைக்கிறது.

உயிர்வேதியியல் ஆசிரியை:
ஐயா, புற்றுநோய்க் கையேட்டில் ‘கட்டி’ என்ற சொல் வந்தால் நோயாளியின் மனம் எங்கே போகும் என்று எண்ணிப் பாருங்கள். ‘இயக்கி’யும் ஆகாது, புற்றை முன்தள்ளும் மரபணுப் பிறழ்வுகளை ஏற்கெனவே ‘இயக்கிப் பிறழ்வு’ என்று சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

என் கவலை வேறு. சென்ற பருவத்தில் கரும்பலகையில் ‘ஏற்பியின் ஏற்றிப் பகுதி’ என்று எழுதிப்போட்டேன்; விடைத்தாள்களில் அது ‘ஏற்றியின் ஏற்பிப் பகுதி’ என்று திரும்பி வந்தது. ஓரெழுத்து வேறுபாடு காதிலும் நிற்கவில்லை, கண்ணிலும் நிற்கவில்லை. இங்கே அந்த ஓரெழுத்துதான் மருத்துவத்தையே பிரிக்கிறது: 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து ஹெர்2 புரதத்தின் வெளிமுனையைப் பற்றிக்கொள்கிறது, லாப்பாட்டினிப் என்னும் மருந்து உயிரணுவுக்குள் புகுந்து கைனேஸ் பகுதியை அடைக்கிறது. இரு மருந்தையும் பெறும் நோயாளி எது வெளியே, எது உள்ளே என்று குழம்பக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹெர்2 தானாகப் பற்றிக்கொள்ளும் சேர்மம் எதுவும் இதுவரை அறியப்படவில்லை. அது தன் இனத்தைச் சேர்ந்த ஹெர்3 போன்றவற்றுடன் இணைந்தே வேலை செய்கிறது. எதையும் ஏற்காததை ‘ஏற்பி’ என்பது முறையா?

இலக்கண ஆசிரியர்:
சிவந்த மேனியனையும் கறுப்பன் என்று அழைக்கிறோமே. காரண இடுகுறிப்பெயர் என்று கொண்டால் போதும். என் ஐயம் தொகையைப் பற்றியது. ‘ஏற்பி டைரோசின் கைனேஸ்’ என்பதை ‘ஏற்பியின் டைரோசினில் செயல்படும் கைனேஸ்’ என்றும் விரிக்கலாம், ‘ஏற்பியாகிய டைரோசின் கைனேஸ்’ என்றும் விரிக்கலாம்.

உயிர்வேதியியல் ஆசிரியை:
இணைந்த இரண்டில் ஒன்று மற்றதன் டைரோசினில்தான் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது; ஆகவே இரண்டு விரியும் உண்மையே. வகைப்பெயருக்கு உரியது இரண்டாவது விரி என்பதால் ‘ஏற்பிவகை’ என்று எழுதினால் ஐயம் தீரும்.

இலங்கை வாசகர்:
எங்கள் பாடநூல் வழக்கில் பாஸ்பேட் என்பது பொசுபேற்று. ‘பொசுபேற்றேற்றி’ என்று மூன்று முறை வேகமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
நன்றி. ‘ஏற்பிவகை டைரோசின் கைனேஸ்’ என்பதற்கு ஐவரும் ‘பாஸ்பேட்டேற்றி’க்கு இருவரும் இசைந்திருக்கிறார்கள், மற்றவர்கள் களைத்துவிட்டார்கள் என்று கொள்கிறேன். சொல் முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘டைரோசினில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதி’ என்று விளக்கிவிடுகிறேன். மெய்ப்பை இணைத்திருக்கிறேன்.

இலக்கண ஆசிரியர்:
பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. வடவெழுத்து நீக்கிக் ‘கைனேசு’ என்றாவது எழுதியிருக்கலாம். அது நிற்க, மெய்ப்பில் ‘ஹெர்2 நேர்மறை’ என்று கண்டேன். பரிசோதனை முடிவில் இதைப் படிக்கும் பெண் நல்ல செய்தி என்றல்லவா எண்ணிக்கொள்வாள்? வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.