'செல்லாததாக்கு' வேண்டாம், 'நிலுவையிடு' என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

திரையின் ஒரு பகுதி பழையதாகிவிட்டது, அதை மறுபடி வரைய வேண்டும் என்று நிரலில் குறித்துவைக்கும் 'இன்வாலிடேட்' (invalidate) என்ற கட்டளைக்குச் 'செல்லாததாக்கு' என்ற சொல் நம் கலைச்சொல் உரையாடலில் முன்மொழியப்பட்டிருக்கிறது. அதே சொல்லை நம்பி நான் ஒரு நிரலில் இட்டுப் பட்ட பாட்டைச் சொல்லிவிட்டு, என் மறுப்பை முன்வைக்கிறேன்.

பாம்பனில் மீன் ஏலக் கணக்குக்காக ஜாவா மொழியில் திரைகளை அமைக்க உதவும் கருவித்தொகுப்பான ஸ்விங்கில் ஒரு மேசைக்கணினிச் செயலி எழுதியிருந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் முடிந்து, விசைப்படகுகள் கரை சேர்ந்த முதல் காலை அது. கணவாயின் விலையைக் கணக்கப்பிள்ளை தனிப் படிவத்தில் 340இலிருந்து 360ஆகத் திருத்தினார். அடியில் இருந்த மொத்தத் தொகை சரியாக ஏறியது. அட்டவணைக் கட்டத்திலோ 340 அப்படியே நின்றது. கட்டத்தின் மேல் ஒருமுறை சொடுக்கியிருந்தால் 360 தெரிந்திருக்கும். அவர் அதற்குள், கீழ்ப்பட்டையில் நான் எழுதிவைத்திருந்த '7ஆம் வரிசைக் கட்டம் செல்லாததாக்கப்பட்டது' என்ற செய்தியைப் படித்து, பதிவே ரத்தாகிவிட்டதென்று எண்ணி அதே சரக்கை மறுபடி ஏற்றிவிட்டார். "செல்லாதுன்னு வந்துச்சே தம்பி, அதான் திரும்பப் போட்டேன்" என்றார். அவர் மேல் என்ன தவறு?

பிழையின் காரணம் வேறு. அட்டவணை படகு எண்படி அடுக்கப்பட்டிருந்ததால், தரவில் 7ஆம் வரிசையில் இருந்த பதிவு திரையில் 12ஆம் வரிசையில் நின்றது. நான் தரவின் எண்ணையே திரையின் எண்ணாகக் கொண்டு, மாறாத கட்டம் ஒன்றை மறுவரையச் சொல்லியிருந்தேன். அட்டவணைக்குப் பின்னால் தரவை வைத்திருக்கும் தரவு மாதிரியத்தின் வழியே 'இந்தக் கட்டம் மாறியது' என்று அறிவித்திருந்தால், திரையில் அது எங்கே இருக்கிறது என்பதை அட்டவணையே கண்டுகொண்டிருக்கும். இப்போது அவ்வாறே திருத்திவிட்டேன்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். இங்கே எதுவும் செல்லாமல் போவதில்லை. தரவு செல்லுபடியாகவே இருக்கிறது. திரையில் தெரியும் படம்தான் பழையது, அதை வரைந்து தீர்க்க வேண்டிய கடன் பாக்கியிருக்கிறது. அந்த நிலைக்கு நம் கரையில் நாள்தோறும் புழங்கும் சொல் நிலுவை. விண்டோசின் நடைமுறை இச்சொல்லுக்கு அப்படியே பொருந்துகிறது: அடுத்தடுத்து வரும் வரைவுக் கோரிக்கைகள் உடனுக்குடன் வரையப்படாமல் ஒரே பரப்பாகச் சேர்ந்துகொண்டே இருக்கின்றன, வேறு வேலை ஏதும் வரிசையில் இல்லாதபோது ஒரே வரைவுச் செய்தியாக வந்து சேர்கின்றன, வரைந்தவர் அந்தப் பரப்பைத் தீர்ந்ததாகக் குறிக்காவிட்டால் அதே செய்தி ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். பற்று தீராத வரையில் வியாபாரி வாசலுக்கு வருவதை நிறுத்துவாரா?

ஆகவே 'நிலுவையிடு', 'நிலுவைப் பரப்பு', 'நிலுவை தீர்' என்ற மூன்றையும் முன்மொழிகிறேன். மறுவரைய வேண்டிய பரப்பைக் குறிக்கும் 'டர்ட்டி ரீஜன்' என்பதன் 'அழுக்குப் பரப்பு' என்ற நேர்மொழிபெயர்ப்பு இதனால் தேவையற்றுப் போகும். நிலுவை பணத்தையே குறிக்கும் என்று ஓர் ஐயா எழுதியிருந்தார். நீதிமன்றத்தில் வழக்குகள் நிலுவையில் இருப்பதாகத்தானே எல்லோரும் எழுதுகிறோம்?

அட்டவணையின் 'செல்' (cell) என்பதற்குக் 'கலம்' என்பதைவிடக் 'கட்டம்' என்பதே இங்கு நல்லது. படகுகளைப் பட்டியலிடும் அட்டவணையில் 'கலம்' என்றால், கடலோரத்தில் வாசிப்பவர் மரக்கலத்தைத்தான் நினைப்பார்.

எஞ்சியிருப்பது, மறுபடி வரையச் சொல்லும் 'ரீபெயின்ட்' (repaint) என்ற கட்டளை. ஸ்விங்கில் அது கோரிக்கையை மட்டும் பதிகிறது. ஸ்விங்கைப் போன்ற இன்னொரு கருவித்தொகுப்பான க்யூட்டியில் (Qt) அதே பெயருள்ள கட்டளை அந்தக் கணமே வரைகிறது, கோரிக்கைக்கு அங்கே 'அப்டேட்' என்று பெயர். ஆங்கிலப் பெயரைப் பார்த்து இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல் இட்டால், என்னைப் போல் இன்னொருவர் தவறான இடத்தில் பிழை தேடுவார். ஸ்விங்கினதை 'நிலுவையிடு' என்றும் க்யூட்டியினதை 'உடன்வரை' என்றும் கொள்ளலாமா? 'உடன்வரை' என்பது சேர்ந்து வரைவதாகவும் ஒலிக்கிறது என்பதே எனக்குள்ள ஒரே தயக்கம்; இதைவிடத் தெளிவான சொல் கிடைத்தால் எழுதுங்கள்.