ஆறு ஏன் இரண்டு தடவை வந்தது? – ஓயாமல் பேசும் பிள்ளைகளோடு எங்கள் அனுபவங்கள்

திண்டுக்கல், நாலரை வயது மகனின் அம்மா

என் மகன் பேச்சோடுதான் கண் விழிப்பான். "அப்புறம் அந்த நாய் என்ன செய்தது என்றால்..." என்று தொடங்குவது, இரவு போர்வைக்குள் போன பிறகுதான் அடங்கும். பல் தேய்க்கும்போது நுரையோடு பேசுவான். நான் குளித்துக்கொண்டிருந்தால் கதவுக்கு வெளியே நின்று, "அம்மா, உள்ளே இருக்கிறாயா?" என்று உறுதி செய்துகொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வான். குழந்தையாக இருந்தபோது நாக்கில் வசம்பு தடவியதால் வந்த வாய் இது என்று என் மாமியார் பெருமையாகச் சொல்வார்.

சென்ற மாதம் வைகை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனோம். ஐந்து வயது ஆகாததால் அவனுக்கு டிக்கெட் கிடையாது, தனி இருக்கையும் கிடையாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் என் மடியில்தான் உட்கார்ந்து வர வேண்டும். முந்தைய இரவு மூட்டை கட்டி முடிக்கவே ஒரு மணி ஆகியிருந்தது. எனக்குத் தலைவலி. அவனோ மணப்பாறை முறுக்கை உடைத்து, ஒவ்வொரு துண்டும் எந்த எழுத்து மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

திருச்சி தாண்டி ரயில் காவிரிப் பாலத்தில் ஏறியது. "அம்மா, ஆறு!" என்றான். "ஆமாம், காவிரி" என்றேன். ஸ்ரீரங்கம் கோபுரத்தைக் காட்டினேன். சற்று நேரத்தில் கொள்ளிடப் பாலம் வந்தது. அவன் என் முகத்தைப் பிடித்துத் திருப்பினான். "அம்மா, ஆறு ஏன் மறுபடியும் வந்தது? நாம்தான் தாண்டிவிட்டோமே? ரயில் திரும்பிப் போகிறதா? சொல்லம்மா, ஏன் இரண்டு தடவை வந்தது?"

"கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு வருகிறாயா?" என்று கத்திவிட்டேன். பெட்டியில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் சொன்னபடியே செய்தான். இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வாய்மீது வைத்து மூடிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு கையில் முறுக்குத் தூள் ஒட்டியிருந்தது.

எதிர் வரிசையில் ஒரு பெரியவர். சாப்பிட்டு முடித்த இட்லிப் பொட்டலத்தின் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தார். "தம்பி, நல்ல கேள்வி கேட்டாய். வருடக்கணக்காக இந்த ரயிலில் போகிறேன், எனக்கு அது தோன்றவே இல்லை" என்றார். என் மகன் கையை எடுக்கவில்லை. வாய் மூடியபடியே என்னைப் பார்த்தான். பேசலாமா என்று அனுமதி கேட்கிற பார்வை. அந்தப் பார்வையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

தலையாட்டினேன். பெரியவர் தம் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விரித்துக் காட்டினார். "இது ஒரே ஆறுதான். முக்கொம்பு என்கிற இடத்தில் இப்படி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று காவிரி, இன்னொன்று கொள்ளிடம். வெள்ளம் கூடினால் கொள்ளிடத்தில் திருப்பி விடுவார்கள். நடுவில் இருக்கிறது பார், அது ஸ்ரீரங்கம். நீ இப்போது ஒரு தீவுக்குள் போய்விட்டு வெளியே வந்திருக்கிறாய்" என்றார்.

என் மகன் தன் இரண்டு விரல்களை விரித்தான். நடுவில் இருந்த இடைவெளியை உற்றுப் பார்த்தான். லால்குடி போனது, அரியலூர் போனது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றொரு கையின் விரலை ரயிலாக்கி, ஆற்றைத் தாண்டி, தீவுக்குள் போய், மறுபடி ஆற்றைத் தாண்டிக்கொண்டே இருந்தான். காலையிலிருந்து நான் கெஞ்சிக் கேட்ட அமைதி, ஒரே ஒரு பதில் சொன்னதும் தானாக வந்துவிட்டது.

எல்லாப் பேச்சுக்கும் பதில் சொல்ல என்னிடம் தெம்பு இல்லை. அதை மறைக்க விரும்பவில்லை. எதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும், எதை ஓட விடலாம் என்று நீங்கள் எப்படிக் கண்டுகொள்கிறீர்கள்? உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்.

*

கோயம்புத்தூர், ஆறு வயது மகனின் அம்மா

சகோதரி, நான் வேறு பக்கத்திலிருந்து வந்தவள். என் மகன் மூன்று வயது முடிந்தும் பேசவில்லை. காது கேட்கிறதா என்று பார்க்க, தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டிப் பரிசோதனை செய்தார்கள். காது நன்றாக இருக்கிறது என்றதும் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனேன். வாரம் இரண்டு நாள், பஸ்ஸில், ஒன்றரை வருடம். எங்கள் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் எனக்குத்தான். கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ண வேண்டும். நான் மூன்று எண்ணுவதற்குள் அவனுக்காக நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் சொல் "தண்ணி". டம்ளரைக் காட்டிச் சொன்னான். நான் தண்ணீர் கொடுக்க மறந்து அழுதுகொண்டு நின்றேன்.

இப்போது ஓயாமல் பேசுகிறான். சொன்னால் வருத்தமாக இருக்கிறது, எனக்கும் அலுப்பு வருகிறது. "இந்தக் குரலுக்காக எத்தனை கோயில் ஏறினாய்" என்று என்னையே திட்டிக்கொள்வேன். தவமிருந்து பெற்றதென்றாலும் சுமந்தால் தோள் வலிக்கத்தான் செய்யும். பேச்சு வராமல் தவித்த வீடுகளைக் காட்டி, பேசுகிற பிள்ளையின் அம்மாவிடம் "நீ கொடுத்து வைத்தவள், அலுத்துக்கொள்ளாதே" என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்தத் தவிப்பில் இருந்த நானே சொல்கிறேன்.

*

தஞ்சாவூர் மாவட்டம், அங்கன்வாடிப் பணியாளர்

இருபது பிள்ளைகள் என் மையத்தில். எதை ஓட விடலாம் என்று கேட்டீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

சில பேச்சு நம்மிடம் பேசுவதே அல்ல. ஒரு பெண் குழந்தை புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்குவாள். "இது பெரிசு. இது இங்கே வராது. தள்ளு, தள்ளு. ஐயோ, போச்சா. மறுபடியும் வை." எங்கள் புது உதவியாளர் ஒவ்வொன்றுக்கும் "ஆமாம் கண்ணு, அப்படியா கண்ணு" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். குழந்தை எரிச்சலோடு நிமிர்ந்து பார்த்தது. நாம் கணக்குப் போடும்போது பக்கத்தில் ஒருவர் பேசினால் எப்படி இருக்கும், அப்படி.

ஆசிரியர் பயிற்சியில் இதைப் பற்றிப் படித்திருக்கிறேன். பிள்ளைகள் தனக்குத்தானே பேசுவது பிறருடைய பார்வையை எண்ணிப் பார்க்கத் தெரியாத பருவத்தின் அடையாளம் என்று உளவியலாளர் பியாஜே கருதினார். இன்னொரு உளவியலாளர் வைகாட்ஸ்கி அதை மறுத்தார். அது யோசனையே, வாய்விட்டு வருகிறது, வளர வளர உள்ளே இறங்கி மௌனமான சிந்தனையாகிவிடும் என்றார். அவர் செய்த சோதனை எனக்குப் பிடித்தது. படம் வரையப் போகும் பிள்ளைக்குத் தேவையான நிறப் பென்சில் இல்லாமல் செய்துவிடுவார்கள். இப்படி ஏதாவது சிக்கல் வந்தால் அந்தத் தனிப்பேச்சு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். புளியங்கொட்டையிலும் அதே கதைதான். வரிசை சரியாகப் போகும்போது அவள் முணுமுணுப்பதோடு சரி. சரிந்து விழும்போதுதான் குரல் ஏறும்.

ஆகவே முகத்தைப் பாருங்கள். பிள்ளை உங்களைப் பார்க்காமல் கைவேலையைப் பார்த்துப் பேசினால் விட்டுவிடுங்கள். உங்கள் முகத்தைப் பிடித்துத் திருப்பினால், அந்த ரயிலில் உங்கள் மகன் செய்தானே, அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்புங்கள்.

*

சென்னைப் புறநகர், தையல் கடை, ஐந்து வயது மகளின் அப்பா

எனக்கு எழுத வராது. இதை மட்டும் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். மாலை நான்கு மணிக்கு வேன் அவளைக் கடை வாசலில் இறக்கிவிடும். வெட்டிப்போட்ட துணிக் குவியல்மேல் ஏறி உட்கார்ந்து ஆரம்பிப்பாள். நான் மெஷினை மிதித்துக்கொண்டே, வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே "ம்ம்" சொல்வேன். அவளும் அந்த "ம்ம்" போதும் என்று பேசிக்கொண்டிருப்பாள். மேகம் யானை மாதிரி இருந்தது என்பாள். மிஸ் புதுச் செருப்பு போட்டிருந்தார் என்பாள்.

ஒரு திங்கட்கிழமை, "அப்பா, வேனில் என் காலுக்குக் கீழே ரோடு ஓடுகிறது" என்றாள். "ம்ம்" என்றேன். யானை மேகத்துக்கும் அதே "ம்ம்"தான். மறுநாள், "ரோடு வேகமாகப் போனால் கோடு கோடாகத் தெரிகிறது" என்றாள். அதற்கும் "ம்ம்". ஒரு ரவிக்கைக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தேன், அவசர வேலை.

புதன்கிழமை வந்தாள். "அப்பா, ரப்பர் வேண்டும்." எங்கே உன் ரப்பர் என்றேன். "ரோடு சாப்பிட்டுவிட்டது. குனிந்து பார்த்தேன், காணோம்."

சக்கரத்தை உள்ளங்கையால் பிடித்து நிறுத்தினேன். குண்டூசியைத் துப்பினேன். எங்கே குனிந்தாய் என்று கேட்டேன். எழுந்து நின்று, கடைத் தரையில் வேன் சீட்டைக் காட்டி, இங்கே ஜன்னல், இங்கே நான், இங்கே ஓட்டை என்று அளந்து காட்டினாள். இரண்டு கையையும் சேர்த்து ஓட்டையின் அளவைக் காட்டினாள்.

இரவு தூங்கவில்லை. 2012இல் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்துபோனது இந்தப் பகுதியில் யாருக்கும் மறக்காது. அதன் பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகள் போட்டார்கள். அந்தச் செய்தியை அன்றைக்கு இதே கடையில் பேப்பரில் படித்தவன் நான்.

காலையில் வேன் வந்ததும் நான் ஏறினேன். ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். அடியில் ஒரு அட்டை. அட்டையை எடுத்தால் துருப்பிடித்த தகடு, நடுவில் கிழிசல். என் கை முழங்கை வரை இறங்கியது. ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது. டிரைவர் "இந்த வாரம் வெல்டிங் வைக்கிறேன் அண்ணே" என்றார். பிள்ளைகள் எல்லோரையும் இறக்கினேன். மற்றப் பெற்றோருக்குப் போன் போட்டேன். படம் எடுத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மனு கொடுத்தோம். வேனை நிறுத்தினார்கள். இப்போது நானே டிவிஎஸ் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன்.

வேன்காரர்மேல் கோபம் இருக்கிறது. ஆனால் இரவில் என்னை எழுப்புவது அது இல்லை. திங்கள், செவ்வாய், இரண்டு "ம்ம்".

நான்கு மணிக்கு மெஷினை நிறுத்திவிடுகிறேன். பதினைந்து நிமிடம். கடைப்படியில் உட்கார்ந்து, அவளுக்குப் பால், எனக்கு டீ. அவள் சொல்வதில் எது மேகம், எது வேன் என்று எனக்குப் பிரிக்கத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் கேட்கிறேன்.

*

ராஜபாளையம், பாட்டி

தையற்காரத் தம்பி எழுதியதைப் பேத்தி படித்துக் காட்டினாள். நல்ல காரியம் செய்தீர்கள் தம்பி. நடந்ததை நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் வீட்டுக்காரருக்குப் பஞ்சாலையில் வேலை. மூன்றாவது ஷிப்ட். இரவெல்லாம் நின்றுவிட்டு வந்து பகலில் தூங்க வேண்டும். லைன் வீடு, ஒரே அறை. மகன் அப்போது மூன்று வயது, வாய் ஓயாது. "அப்பா தூங்குகிறார், சத்தம் போடாதே" என்பதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சாமர்த்தியக்காரப் பிள்ளை, பேச்சை நிறுத்தவில்லை. என் காதைப் பிடித்து இழுத்து, காதுக்குள் பேசக் கற்றுக்கொண்டான். மாவாட்டும்போது, துணி அலசும்போது, என் தோளைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுவென்று. காது சூடாகிவிடும்.

மத்தியானம் ஒரு மணிக்கு அவனைக் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போவேன். புளியமரத்தடியில் விட்டு, "இங்கே கத்து ராசா" என்பேன். கத்துவான். கொக்குகள் எழும்பும்.

அவனுக்கு இப்போது நாற்பத்தொரு வயது. அபுதாபியில் இருக்கிறான். போனில் மெதுவாகத்தான் பேசுவான். எனக்குக் காது மந்தம், பேத்தி போனை என் காதோடு அழுத்திப் பிடிப்பாள். "சத்தமாகப் பேசுடா" என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். அவனுக்கு வரவில்லை.

*

திண்டுக்கல், நாலரை வயது மகனின் அம்மா

எல்லோருடையதையும் படித்தேன். கோவைச் சகோதரிக்கு நன்றி. தையற்கார அண்ணன் எழுதியதைப் படித்த அன்று மாலையே எங்கள் பள்ளி வேனில் ஏறி விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். தகடு உறுதியாக இருக்கிறது. மற்றவர்களும் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

நேற்று இரவு விளக்கை அணைத்த பிறகு அவன், "அம்மா, முக்கொம்பில் தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யார்..." என்று தொடங்கி, அப்படியே தூங்கிவிட்டான். விரல் இரண்டும் விரிந்தபடி என் கழுத்தில் இருந்தன.

காலை ஆறு மணிக்குக் கண்ணைக்கூடத் திறக்காமல், "...சொல்வார்கள்?" என்றான்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். தேடிப் படித்தேன். அங்கே ஒரு மேலணை இருக்கிறது, 1836இல் ஆர்தர் காட்டன் என்கிற ஆங்கிலேயப் பொறியாளர் கட்டியது, 2018 வெள்ளத்தில் அதன் மதகுகளில் சில அடித்துக்கொண்டு போயின, மதகைத் திறந்து மூடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். இட்லியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான்.

"மதகு திறக்கிற மாமாவின் பெயர் என்ன?"

ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பு போகிறோம். அவனே கேட்டுக்கொள்ளட்டும்.