டவுன் வரலாற்றாளர் பதவிக்கு நிதி கோர உங்கள் உதவி தேவை

நியூயார்க் மாநிலத்தில் வசிக்கும் உறுப்பினர்களுக்கு வணக்கம். இங்குள்ள உள்ளாட்சிகள் தத்தமக்கென அதிகாரபூர்வ வரலாற்றாளரை நியமிப்பதற்கான சட்டம் 1919-லேயே இயற்றப்பட்டது. ஆனால் ஊதியம் கொடுப்பதை உள்ளாட்சியின் விருப்பத்துக்கே விட்டுவிட்டதால், பல ஊர்களில் அது சம்பளமில்லாப் பதவியாகவே நீடிக்கிறது.

எங்கள் டவுனில் முன்பிருந்தவர் விலகிய பின் அந்த இடம் காலியாகவே உள்ளது. பழைய வரிப் பதிவேடுகளும் கைப்பட எழுதிய கூட்டக் குறிப்புகளும் அலுவலகத்தின் நிலவறையில், கொதிகலனுக்குப் பக்கத்தில், ஓரமெல்லாம் பூஞ்சை பூத்த அட்டைப்பெட்டிகளில் கிடக்கின்றன. (பனி அள்ளும் வண்டிக்கு மட்டும் பணம் உடனே கிடைத்துவிடுகிறது.) நம்மைப் போல் பின்னர் வந்து குடியேறியவர்களைப் பற்றி அங்கே ஒரு தாள்கூட இல்லை.

வரவுசெலவுத் திட்டம் இறுதியாவதற்குள் டவுன் நிர்வாகத்தின் தலைவரான மேற்பார்வையாளரிடம் (supervisor) அளிக்க ஒரு மனு தயாரித்து வருகிறேன். வரலாற்றாளருக்கு ஊதியம் வழங்கும் ஊரில் நீங்கள் வசித்தால், எவ்வளவு தொகை, எந்தத் தலைப்பின்கீழ் ஒதுக்கப்படுகிறது என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். மாநில ஆவணக் காப்பகம் உள்ளாட்சிகளுக்கு வழங்கும் மானியத்துக்கு விண்ணப்பித்த அனுபவமுள்ளவர்கள் வரைவைப் படித்துத் திருத்தித் தந்தால் பேருதவியாக இருக்கும். எங்கள் டவுனிலேயே வசிப்பவர்கள் வரவுசெலவுத் திட்டம் பற்றி மக்கள் கருத்துச் சொல்லும் பொது விசாரணைக்கு நேரில் வந்து இரண்டு நிமிடம் பேச முடியுமா என்பதையும் சொல்லுங்கள்.