பீனால் தண்ணீரில் ஆல்ஜினேட் மணிகள் மூன்றே நாளில் கரைகின்றன, என்ன செய்யலாம்?

பாலி மாணவி:
அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் இறுதியாண்டு புராஜெக்ட்டில், பீனால் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த கழிவுநீரைப் பாக்டீரியாவால் சுத்தம் செய்து பார்க்கிறேன். சூடோமோனஸ் புட்டிடா என்ற பாக்டீரியாவை 2 சதவீத சோடியம் ஆல்ஜினேட்டில் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்) கலந்து, சிரிஞ்சால் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டினேன். பாக்டீரியாவை உள்ளே அடைத்த சிறு உருண்டை மணிகள் வெள்ளையாக, கெட்டியாக வந்தன. லிட்டருக்கு 500 மில்லிகிராம் பீனால் உள்ள ஊடகத்தில் (பாக்டீரியா வளரும் சத்துக் கரைசல்) போட்டு, குலுக்கும் கருவியான ஷேக்கரில் வைத்தேன். இரண்டாம் நாள் வீங்கின. மூன்றாம் நாள் காலை பார்த்தால் வெந்த ஜவ்வரிசிபோலக் கண்ணாடியாகி, இடுக்கி பட்டதும் குழைந்துவிட்டன. தண்ணீரும் இளமஞ்சளாக இருக்கிறது. இரண்டு முறையும் இதேதான். ஆல்ஜினேட்டை 4 சதவீதமாக்கலாமா? வியாழக்கிழமை மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும்.

துவாஸ்காரன்:
தங்கச்சி, ஆல்ஜினேட்டைக் கூட்டாதீர்கள். உங்கள் ஊடகத்தில், பிஎச் (அமிலத்தன்மை அளவு) மாறாமல் காக்கும் பாஸ்பேட் பஃபர் இருக்குமே? அதுதான் காரணம். ஆல்ஜினேட் இழைகளைக் கட்டிப் பிடித்திருப்பது கால்சியம். பாஸ்பேட் அந்தக் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும், மணி இளகிவிடும். பாக்டீரியாவுக்குப் பாஸ்பேட் கொஞ்சம் தேவை, அதனால் அடியோடு எடுக்காமல் குறையுங்கள். பிஎச்சைப் பிடித்து வைக்க டிரிஸ் பஃபர் போதும். ஊடகத்திலும் துளி கால்சியம் குளோரைடு சேருங்கள்.

அப்புறம் அந்த மஞ்சள். அதை விட்டுவிடாதீர்கள். பாக்டீரியா பீனாலை முதலில் கேட்டகால் என்ற இடைப்பொருளாக ஆக்கும், பிறகு அதன் கார்பன் வளையத்தை உடைக்கும். பல சூடோமோனஸ் வகைகள் உடைக்கும் வழியில் ஒரு மஞ்சள் பொருள் வரும். வேலை நடக்கிறது என்பதற்கு அது அடையாளம்தான். ஆனால் மஞ்சள் நெடுநேரம் மறையாமல் நின்றால், பாதி வழியில் நிற்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் காற்று போதாமல் இருக்கும். மணியின் வெளித்தோலுக்குத்தான் ஆக்சிஜன் சரியாகக் கிடைக்கும், நடுவில் இருப்பவை பட்டினி. மெல்லிய ஊசி போட்டு, 2 மில்லிமீட்டருக்குச் சிறிதாக்குங்கள்.

பீனால் அளவை மட்டும் பார்க்காமல் சிஓடியும் (தண்ணீரில் உள்ள கரிமக் கழிவை வேதிமுறையில் ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) பாருங்கள். நான் ஆலைக் கழிவுநீர்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இங்கே சிங்கப்பூரில் பொதுக் கழிவுநீர்க் குழாயில் விட சிஓடி லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள், பிஎச் 6 முதல் 9 வரை இருக்க வேண்டும். பீனால் போய் சிஓடி அப்படியே நின்றால், நாம் ஒன்றை இன்னொன்றாக மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உழைப்பதும் பாக்டீரியாதான். நாம் விடும் நஞ்சு அவற்றைத்தான் முதலில் தாக்கும்.

ஈசூன் அக்கா:
துவாஸ் தம்பி சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். நிஜ ஆலைத் தண்ணீரில் உப்பு அதிகமென்றால் சோடியமும் கால்சியத்தின் இடத்தைப் பிடிக்கும், ஆல்ஜினேட் தனியாகத் தாங்காது. அப்போது பாலிவினைல் ஆல்கஹால் என்ற செயற்கைப் பாலிமரோடு கொஞ்சம் ஆல்ஜினேட் கலந்து, போரிக் அமிலமும் கால்சியம் குளோரைடும் உள்ள கரைசலில் சொட்டுவோம். ரப்பர்போல உறுதியாக இருக்கும். போரிக் அமிலத்தில் மட்டும் அதிக நேரம் ஊறவிடாதே மா, உள்ளே இருப்பவை செத்துவிடும்.

பாலி மாணவி:
நன்றி அண்ணா, அக்கா. பாஸ்பேட்டைக் கால்வாசியாக்கி, மெல்லிய ஊசியில் போட்டேன். இன்று ஐந்தாம் நாள். மணிகள் உருண்டையாகவே இருக்கின்றன, அழுத்தினால் எதிர்க்கின்றன. நேற்று மதியம் வந்த மஞ்சள் இன்று காலை இல்லை. சிஓடி நாளைக்கு எடுக்கிறேன்.